கிளைக்கொரு விலை: தேடுபொறி அடைவில் கடைசார் பண்புகளின் இடம்

பல கிளைகள் கொண்ட பலசரக்கு நிறுவனம் ஒன்றின் இணையக் கடையில் நல்லெண்ணெய் தேடுபவருக்கு வரவேண்டிய விடை, அவர் எந்தக் கிளையில் வாங்கப்போகிறார் என்பதைப் பொறுத்து மாறும். எண்ணெயின் பெயர், அளவு, தயாரிப்பாளர், பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை பொருளோடு வருபவை. விற்கும் விலை, இருப்பு, தள்ளுபடி ஆகியவையோ பொருளுக்கும் கிளைக்கும் இடைப்பட்டவை. 20,000 பொருள்களும் 400 கிளைகளும் உள்ள நிறுவனம் என்று வைத்துக்கொண்டால் இத்தகைய இணைகள் 80 லட்சம். இவற்றை அடைவில் எப்படி வைப்பது என்ற கேள்விக்குச் சொல்லப்படும் விடைகள் பெரும்பாலும் தரவின் வடிவத்திலிருந்து புறப்படுகின்றன: ஒரு பொருளுக்குப் பல கிளைகள் இருப்பதால் பொருளுக்குள் கிளைகளை அடுக்கிவிடலாம் என்பதுபோல. வடிவத்தை நம்பி இதை முடிவுசெய்யக் கூடாது என்பதே என் வாதம். ஒரு பண்பு எவ்வளவு அடிக்கடி மாறுகிறது, எந்தப் பொருள் எந்த வரிசையில் வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்கு உண்டா என்ற இரண்டையும் வைத்தே அதன் இடம் முடிவாக வேண்டும்.

காரணம் தேடுபொறியின் அடித்தளத்திலேயே இருக்கிறது. டக் கட்டிங் 1999இல் எழுதிய லூசீன் என்ற தேடல் நிரலகம்தான் இன்றைய சோலர், எலாஸ்டிக்சர்ச் ஆகிய தேடுபொறிகள் இரண்டுக்கும் அடிப்படை. லூசீன் தன் அடைவைத் துண்டு துண்டாக வட்டில் எழுதுகிறது. எழுதி முடித்த துண்டை மறுபடி திருத்துவதில்லை. பொதுவாக, ஆவணத்தில் ஒரே ஒரு புலம் மாறினாலும் பழைய ஆவணம் நீக்கப்பட்டதாகக் குறிக்கப்படும், முழு ஆவணமும் புதிய துண்டில் மீண்டும் எழுதப்படும். நீக்கியவை, துண்டுகள் ஒன்றுசேர்க்கப்படும்வரை இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே, கிளை 17இல் நல்லெண்ணெய் விலை ஐந்து ரூபாய் குறைந்தால் எத்தனை ஆவணங்கள் திரும்ப எழுதப்படுகின்றன என்பதுதான் எந்த ஏற்பாட்டுக்கும் உரைகல்.

முதலில் உள்ளடங்கிய ஆவணங்களைப் பார்ப்போம். ஒரு பொருளுக்குள் கிளைகளின் பட்டியலைச் சாதாரணமாக எழுதினால் எலாஸ்டிக்சர்ச் அதைத் தட்டையாக்கிவிடும். கிளை 17இல் 380 ரூபாய், கிளை 42இல் 355 ரூபாய் என்ற தகவல், கிளைகள் 17, 42 என்றும் விலைகள் 380, 355 என்றும் இரண்டு தனிப் பட்டியல்களாகப் பிரிந்து போகும். கிளை 17இல் 360 ரூபாய்க்குக் கீழ் உள்ளவை என்று கேட்டால், வரக்கூடாத இந்த எண்ணெயும் வந்து நிற்கும். எது எதோடு சேர்ந்தது என்பது அழிந்துவிடுவதுதான் காரணம். உள்ளடங்கிய ஆவணங்கள் இந்தப் பிழையைத் தீர்க்கின்றன. ஒவ்வொரு கிளையும் தனி லூசீன் ஆவணமாகித் தாய் ஆவணத்தை ஒட்டியே எழுதப்படும். ஆனால் அந்த ஒட்டுதல்தான் அதற்குக் கொடுக்கும் விலையும். 400 குழந்தைகளும் ஒரு தாயும் ஒரே கட்டாக இருப்பதால், ஒரு கிளையில் ஒரு விலை மாறினாலும் 401 ஆவணங்களும் திரும்ப எழுதப்பட வேண்டும். வட்டு மலிவுதானே என்று இதற்குப் பதில் சொல்வதுண்டு. இங்கே சிக்கல் இடத்தைப் பற்றியதல்ல. இடைவிடாத எழுத்தும், அதைத் தொடர்ந்த துண்டு இணைப்பும் தேடலின் வேகத்தைத் தின்பதைப் பற்றியது.

ஒவ்வொரு இணைக்கும் தனி ஆவணம் என்ற ஏற்பாட்டில் விலை மாற்றம் ஒரே ஆவணத்தோடு முடிந்துவிடும். அது உண்மையான பலம். பொருளின் பெயரைத் திருத்தினால் 400 ஆவணங்களைத் தொட வேண்டும் என்பது அரிதாக நேர்வதால் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. இது போதிய அளவு பேசப்படவில்லை. லூசீன் 2016இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து தரவரிசைக்கு இயல்பாகக் கையாளும் பிஎம்25 முறை, அடைவில் அரிதாக வரும் சொல்லுக்குக் கூடுதல் மதிப்புத் தருகிறது. ‘சுக்கு’ என்ற சொல் 50 பொருள்களிலும், ‘கருப்பட்டி’ வேறு 50 பொருள்களிலும் வருவதாகக் கொள்வோம். பொருள் அடைவில் இரண்டும் சமமாக அரியவை. சுக்குப் பொருள்கள் எல்லாக் கிளைகளிலும், கருப்பட்டிப் பொருள்கள் பத்துக் கிளைகளில் மட்டும் விற்றால், இணை அடைவில் ஒன்று 20,000 ஆவணங்களிலும் மற்றது 500 ஆவணங்களிலும் இருக்கும். ‘சுக்கு கருப்பட்டி’ என்று தேடுபவருக்கு, இரண்டும் கிடைக்கும் கிளையில்கூட, கருப்பட்டிப் பொருள்கள் காரணமின்றி மேலேறும். கிளையை வைத்து வடிகட்டினாலும் இது மாறாது. சொல்லின் அருமை வடிகட்டிய பகுதிக்கு அல்லாமல், அடைவுக் கூறு (shard) முழுவதற்குமாகக் கணக்கிடப்படுகிறது. விநியோகம் எவ்வளவு பரவலானது என்பது மொழியின் பண்பல்ல. அது சொல்லின் மதிப்புக்குள் நுழைவதை எந்த வசதிக்காகவும் ஏற்கக் கூடாது.

மூன்றாவது வழி, கிளைக்கு ஒரு புலம். விலை, இருப்பு, தள்ளுபடி என்று மூன்றையும் 400ஆல் பெருக்கினால் 1,200 புலங்கள். எலாஸ்டிக்சர்ச் ஓர் அடைவுக்கு இயல்பாக அனுமதிப்பது 1,000. வரம்பை உயர்த்தலாம்தான், ஆனால் அது அங்கே காரணமின்றி வைக்கப்பட்டதல்ல: புலங்களின் வரையறை முழுவதையும் தொகுதியின் ஒவ்வொரு கணினியும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இணையக் கடை மென்பொருளான மெஜென்டோ 2இல் இவ்வழியைப் பார்க்கலாம். அதில் விலைப் புலத்தின் பெயரிலேயே வாடிக்கையாளர் குழுவின் எண்ணும் வலைத்தளத்தின் எண்ணும் ஒட்டிவரும். கடைக் காட்சி (store view) ஒவ்வொன்றுக்கும் தனி அடைவும் உண்டு. அங்கே இது நடக்கிறது, ஏனெனில் விலை வலைத்தள அளவில்தான் வேறுபடுகிறது, வலைத்தளங்களோ சிலவே. சோலரின் 6.6 பதிப்பு, கிளை எண்ணைச் சொல்லாகவும் விலையை அச்சொல்லின் சுமையாகவும் (payload) வைத்து வினவலில் பயன்படுத்த வழிசெய்தது. புலப் பெருக்கம் இதனால் மறைகிறது. ஆனால் விலை மாறும்போது முழு ஆவணத்தையும் எழுத வேண்டிய நிலை மாறவில்லை.

மெஜென்டோவின் உதாரணத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, வேறுபாடு உண்மையில் எந்த மட்டத்தில் நிகழ்கிறது என்று கேட்கும் பழக்கம். சங்கிலிக் கடைகள் பொதுவாக 400 விலை வைப்பதில்லை. நகரம், வட்டாரம் என்று விலை மண்டலங்களாகப் பிரித்தே வைக்கின்றன. 12 மண்டலங்கள் என்றால் 12 விலைப் புலங்கள் போதும். ஒரு பொருள் எந்தெந்தக் கிளைகளில் விற்கப்படுகிறது என்பது மெதுவாக மாறுவது, வடிகட்டலுக்கு இன்றியமையாதது. கிளை எண்களின் பட்டியலாகப் பொருள் ஆவணத்திலேயே இருக்கலாம். விலை வரிசைப்படுத்தலுக்கு வேண்டியது, ஆனால் அடிக்கடி மாறுவது. லூசீன் 2013இல் 4.6 பதிப்பில், எண் மதிப்புகளைப் பத்திவாரியாக வைக்கும் டாக் வேல்யூஸ் பகுதியை மட்டும் ஆவணத்தைத் தொடாமல் புதுப்பிக்க வழிசெய்தது; சோலர் அதை 2017இல் பயனருக்குத் திறந்தது. அப்போதும் அத்துண்டின் அந்தப் பத்தி முழுவதும் புதிதாக எழுதப்படுவதால், மாற்றங்களைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்புவதே சிக்கனம். இருப்பு எண்ணிக்கையோ அடைவுக்கே வர வேண்டியதில்லை. 37 பொட்டலம் 36 ஆவது தேடலுக்குச் செய்தி அல்ல. 1 என்பது 0 ஆவதே செய்தி. அதை மட்டும் அனுப்பினால் எழுத்துச் சுமை பெரும்பகுதி கரைந்துவிடும். சரியான எண்ணிக்கை, அலமாரி எண், அன்றைய சலுகை எல்லாம் திரையில் தெரியும் இருபது பொருள்களுக்கு மட்டும் மூலத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்பட்டால் போதும்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெளியே வைத்து, வந்த விடைகளைப் பிறகு வடிகட்டலாமே என்று கேட்கலாம். கூடாது. இருபது விடைகளில் பதின்மூன்று கிளையில் இல்லை என்று விழுந்துவிட்டால் பக்கத்தில் ஏழே மிஞ்சும். பக்கவாட்டு வடிகட்டிகளில் காட்டும் எண்ணிக்கைகளும் பொய்யாகும். தேர்வைத் தீர்மானிப்பது உள்ளேதான் இருக்க வேண்டும். இன்னோர் எதிர்ப்பு கனமானது: அடைவில் உள்ள விலையும் திரையில் வரும் விலையும் சிறிது நேரம் வேறுபட்டால், 300 ரூபாய்க்குக் கீழ் என்று கேட்டவருக்கு 305 ரூபாய்ப் பொருள் தெரியுமே? தெரியும். அந்தப் பிழை வரிசையில் நேர்வது, விலையில் அல்ல. திரையில் காட்டும் எண் எப்போதும் மூலத்திலிருந்து வருவதால் வாங்குபவர் ஏமாறுவதில்லை. அடைவு என்பது எந்த ஏற்பாட்டிலும் நகல்தான். எலாஸ்டிக்சர்ச்சில்கூடப் புதிய எழுத்து தேடலுக்குத் தெரிய இயல்பாக ஒரு நொடி ஆகும்.

விற்பவர் ஒவ்வொருவரும் தாமே விலை வைக்கும் இணையச் சந்தைக்கு இந்த மண்டல ஏற்பாடு பொருந்தாது. அங்கே விலை உண்மையாகவே இணைக்குரியது. அப்போது சொற்களைத் தாய் ஆவணத்திலும், எண் புலங்களை மட்டும் தனித்தனியே புதுப்பிக்கக்கூடிய குழந்தை ஆவணங்களிலும் வைத்து, வினவும்போது இணைக்கலாம். வினவல் மெதுவாகும், தாயும் பிள்ளைகளும் ஒரே அடைவுக் கூறில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. ஆயினும் சொற்கள் பொருளுக்கு ஒருமுறையே எண்ணப்படுகின்றன, ஒரு விலை மாற்றம் ஓர் ஆவணத்தோடு முடிகிறது.