ரம்பத்துக்குள் ஒரு சவ்வு

கயிறு இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தும் பழைய பெட்ரோல் ரம்பம் கிளம்பலையா? பழைய இரும்புக்குப் போடுமுன் அதன் கதையைக் கேளுங்க.

1927-இல் ஜெர்மனியின் டோல்மார் மலையில் எமில் லெர்ப் என்பவர் பெட்ரோல் சங்கிலி ரம்பத்தை ஓட்டிக் காட்டினார். எடை சுமார் 58 கிலோ. பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். அக்காலத்து ரம்பங்களின் கார்புரேட்டரில் மிதவை இருந்தது. சாய்த்தால் பெட்ரோல் சீராகப் போகாது, என்ஜின் நின்றுவிடும். பிறகு மிதவையை எடுத்துவிட்டு, மெல்லிய சவ்வை வைத்தார்கள். 1950-களில் இது பரவியது. எப்படித் திருப்பினாலும் ரம்பம் ஓடியது; ஒரே ஆள் தூக்கி அறுத்தார்.

அந்தச் சவ்வுதான் நாளானால் விறைத்துப்போகிறது. மாதக்கணக்கில் பெட்ரோலை உள்ளேயே விட்டால் சீக்கிரமே விறைக்கும்.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்க. ஈரமா? பெட்ரோல் மிஞ்சிவிட்டது. துடைத்து மாட்டி, சோக்கைத் திறந்துவிட்டு இழுங்க. காய்ந்திருக்கிறதா? பெட்ரோலே வரவில்லை. டாங்கி ஃபில்டரைப் பாருங்க. அது சுத்தமென்றால் சவ்வை மாற்றுங்க.

ஒன்று மறக்காதீங்க: ரம்பத்தைத் தரையில் வைத்து, பின்பிடியை மிதித்துக்கொண்டே கயிறு இழுக்கணும். தொங்கவிட்டு இழுத்தால் காலுக்கு ஆபத்து. மிஷின் போனால் வாங்கலாம், கால் போனால்?