பழைய கொமிக்ஸ் வாங்க முதல் கொஞ்சம் வரலாறு

ஈபேயில் ஆக்‌ஷன் கொமிக்ஸின் முதலாம் இதழைத் தேடினால் நிறையவே வந்து விழும். பச்சைக் காரொன்றைத் தலைக்கு மேல தூக்கி வைத்திருக்கும் சூப்பர்மேன், மூலையில் 10 சதம் என்ற விலை, 1938 ஜூன் என்ற திகதி, எல்லாம் அச்சொட்டாக இருக்கும். கேட்கிற விலையும் எங்கட கைக்கு எட்டுற மாதிரித்தான். ஆனால் அதே ஈபேயில் 2014இல் அந்த இதழின் ஒரு பிரதி 32 இலட்சத்து 7 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமல் 'வாங்கு' பொத்தானை அமத்துறதுதான் இந்தப் பக்கம் புதுசா வாற ஆக்கள் விடுற முதல் பிழை.

'கவனிக்க வேண்டிய பத்து விசயங்கள்' என்று பட்டியல் போட்டு முடித்திருக்கலாம். நாங்கள் அப்படிச் செய்யேல்லை. இந்தச் சந்தையில் இருக்கிற ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பிறந்த வருசம் இருக்கு. அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால், கண்ணி எங்க கிடக்கெண்டு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

1938இல் இருந்தே தொடங்குவம். கிளீவ்லாந்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள், ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும், தாங்கள் உருவாக்கிய சூப்பர்மேனின் உரிமையை 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். முதலாம் இதழ் ஏறத்தாழ 2 இலட்சம் பிரதிகள் அச்சானதாகச் சொல்லப்படுகிறது. இன்றைக்கு மிஞ்சியிருப்பது நூறளவில்தான் என்று கணிக்கிறார்கள். மிச்சம் எங்க? பொடியள் வாசித்தார்கள், சுருட்டிக் காற்சட்டைப் பையில் வைத்தார்கள், கைமாற்றினார்கள், அம்மாமார் குப்பையில் போட்டார்கள். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. பழைய கடதாசி சேர்க்கும் இயக்கத்தில் பிள்ளைகள் தங்கட கொமிக்ஸைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். போர் முடிந்த கையோடு, கொமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்குது என்ற பயம் கிளம்பியது. 1948 அளவில் அமெரிக்க ஊர்களில் அவற்றைக் குவித்துக் கொளுத்தினார்கள். 1954இல் உளநல மருத்துவர் பிரெட்ரிக் வெர்தாமின் நூல் வந்தது. அதே வருசம் செனற் விசாரணையும் நடந்தது, பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கைக் கோவையையும் போட்டுக்கொண்டார்கள்.

ஆக, அந்த இதழ் அரிதாகினதற்குக் காரணம், அதை வைத்திருக்க வேணும் என்று கிட்டத்தட்ட ஆரும் நினைக்காததுதான். விதிவிலக்குகள் இருந்தன. கொலராடோ மாநிலத்தின் டென்வரில் எட்கர் சேர்ச் என்றொரு விளம்பர ஓவியர், தன் வேலைக்கு உதவும் என்று புதுப் புத்தகங்களாக வாங்கி அடுக்கிவைத்தார். 1977இல் அந்த வீட்டைக் காலி செய்தபோது பல ஆயிரம் இதழ்கள் நேற்று அச்சடித்த மாதிரி வெளியே வந்தன. வறண்ட காற்றும் இறுக்கமான அடுக்கும்தான் காப்பாற்றியிருக்கு. எங்கட ஈரக் காற்றில, கறையான் ஊருகிற சுவரில அப்படி ஒன்று நடக்கிறது கனவுதான்.

முன்னம் சொன்ன அந்த மலிவான 'முதலாம் இதழ்' எங்கிருந்து வந்தது என்று இனிப் பார்ப்பம். 1974இல் அதே டி.சி. நிறுவனம் 'ஃபேமஸ் ஃபர்ஸ்ட் எடிஷன்' என்ற வரிசையில் இதழை மறுபதிப்புச் செய்தது. விலை 1 டொலர். தடித்த வெளியட்டை ஒன்றில் மறுபதிப்பு என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள், ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இருக்கேல்லை. ஆனால் உள்ளே 1938இன் அட்டை, கதைகள், பழைய விளம்பரங்கள்கூட அப்படியே இருந்தன. வெளியட்டையைக் கழற்றினால் முடிந்தது கதை! கையில் இருப்பது 1938ஆம் ஆண்டுப் புத்தகம்போலத்தான் தெரியும். அப்படிக் கழற்றி விற்ற ஆக்களும் இருந்தார்கள். இதற்குப் பிறகும் விளம்பரப் பரிசாகவும் ஆண்டு நிறைவுக்காகவும் வேறு மறுபதிப்புகள் வந்தன.

மூலத்தின் உயரம் ஏறத்தாழ 10 அங்குலம். 1974 மறுபதிப்பு 13 அங்குலத்துக்கும் மேல. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளையும் கண்டுபிடிக்கும். ஆனால் நீங்கள் வாங்குறது மேசையிலா? கைபேசித் திரையில் எல்லாப் புத்தகமும் ஒரே உயரம்தான். ஒன்லைன் வியாபாரம் இந்தப் பழைய ஏமாற்றுக்குப் புது உயிர் கொடுத்தது இப்படித்தான். புத்தகத்தின் பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. நேர்மையான விற்பனையாளர் ஐந்து நிமிசத்தில் அனுப்புவார். சாட்டுச் சொல்லுறவரிட்ட வாங்காதேங்கோ. இப்ப 'ஃபக்சிமிலி' என்ற பெயரில் வாற மறுபதிப்புகளில் இவ்வளவு சிக்கல் இல்லை. சின்ன எழுத்தில் புது வருசம் இருக்கும், அந்தப் பக்கத்தின் படத்தையும் கேட்டு வாங்கினால் போதும்.

1970இல் றொபேர்ட் ஓவர்ஸ்ட்ரீற் முதல் விலைக் கையேட்டை வெளியிட்டார். அதுவரை வாய்க்கணக்கில் ஓடிய வியாபாரத்துக்கு ஒரு பொது மொழி கிடைத்தது. அந்த மொழியில்தான் அடுத்த கண்ணி. 'குட்' என்றால் நல்லது என்றுதானே நாங்கள் படித்தது? இந்தச் சந்தையில் 10க்கு 2 புள்ளி எடுக்கிற புத்தகத்துக்குப் பெயர் 'குட்'. முதுகு தேய்ந்து, அட்டை மடிந்து, ஆனாலும் முழுசா வாசிக்கக்கூடிய புத்தகம். 'வெரி குட்' 4 புள்ளி. 'ஃபைன்' 6. புதுசு மாதிரி இருக்கிற 'நியர் மின்ட்' 9.4. 'வெரி குட் கண்டிஷன்' என்று வாசித்துவிட்டு ஆசையாகக் காத்திருக்கிறவருக்கு வந்து சேருறது உரோமம் கொட்டின பூனை மாதிரி ஒன்று. விற்றவர் பொய் சொல்லேல்லை, முறைப்பாடு செய்யவும் ஏலாது.

1974இல் இன்னொன்றும் நடந்தது. மார்வெல் தன் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் சின்ன முத்திரைகளை அச்சிட்டு, வெட்டி ஒட்டிச் சேர்க்கச் சொன்னது. பொடியளும் சொன்னபடி செய்தார்கள். அந்த வருசம் நவம்பர் திகதியிட்டு வந்த 'த இன்கிரெடிபிள் ஹல்க்' 181ஆம் இதழ் 25 சதம். வுல்வரின் முழுசாகத் தோன்றிய முதல் இதழ் அது (180இன் கடைசிக் கட்டத்தில் தலைகாட்டியதைச் சொல்லிச் சண்டை பிடிக்கிற ஆக்கள் இன்றும் இருக்கினம்). அப்ப ஆருக்குத் தெரியும் இந்தக் குள்ளன் இவ்வளவு பெரிய ஆளாவான் என்று! இன்றைக்கு அந்தச் சதுரத் துண்டு வெட்டின பிரதிக்கும் வெட்டாத பிரதிக்கும் விலை வித்தியாசம் மிகப் பெரிது. அட்டைப் படத்தில் இது தெரியவே தெரியாது. எழுபதுகளின் மார்வெல் இதழ் ஒன்று அளவுக்கு மீறி மலிவாகத் தெரிந்தால், முதலில் கேட்க வேண்டிய படம் கடிதப் பக்கத்தினது.

இனித் தொண்ணூறுகள். எங்களைக் கேட்டால், கொமிக்ஸ் சேகரிப்பு வரலாற்றில் படிக்கவேண்டிய பாடமெல்லாம் இந்த ஐந்தாறு வருசத்துக்குள்ள கிடக்கு. பழைய இதழ்கள் பெரும் விலைக்குப் போற செய்தி பத்திரிகைகளில் வர, சனம் புது இதழ்களையும் முதலீடாக வாங்கத் தொடங்கியது. பதிப்பாளர்கள் சும்மா இருப்பினமே? பளபளக்கும் அட்டை, ஒரே இதழுக்கு நாலைந்து அட்டை, உறைக்குள் போட்ட அட்டைச் சீட்டு என்று இறக்கினார்கள். 1991இல் வந்த 'எக்ஸ்-மென்' முதலாம் இதழ், கிறிஸ் கிளேர்மொன்ற்றும் ஜிம் லீயும் செய்தது, 80 இலட்சம் பிரதிகளுக்கு மேல போனது. ஐந்து அட்டை. முழுத் தொகுதியும் வேணும் என்றவர் ஒரே கதையை ஐந்து தரம் வாங்கினார். 1992 நவம்பரில் 'சூப்பர்மேன்' 75ஆம் இதழில் சூப்பர்மேன் செத்தார். கறுப்புப் பை, உள்ளே கையில் கட்டத் துக்கப் பட்டி, மரண அறிவித்தல் எல்லாம் இருந்தன. சனம் கடை வாசலில் வரிசை கட்டி நின்றது. பையைத் திறவாமல் அலுமாரியில் வைத்தார்கள், பிள்ளையின்ர படிப்புக்கு உதவும் என்று.

ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே புத்தகத்தை ஒரே மாதிரிப் பாதுகாத்தால் அது எப்படி அரிதாகும்? சூப்பர்மேனும் கொஞ்ச மாதத்தில் உயிரோட திரும்பிவந்தார். இதற்குள் இன்னொரு பொறிமுறையும் வேலை செய்தது. கொமிக்ஸ் கடைகள் அப்போது விற்காத பிரதிகளைத் திருப்பிக் கொடுக்க ஏலாது, முன்கூட்டிக் காசு கட்டி எடுத்ததுதான். ஆகவே அந்த 80 இலட்சம் என்பது கடைகள் எடுத்த கணக்கு, வாசகர் வாங்கிய கணக்கு இல்லை. மிச்சமெல்லாம் கடைகளின் பின்னறையில் குவிந்தது. அடுத்த வருசங்களில் நிறையக் கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெலே வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. அதற்குக் கடன் உட்பட வேறு காரணங்களும் இருந்தன, ஆனாலும் இந்தச் சரிவு அதில் பெரிய பங்கு.

அந்தப் பின்னறைப் பெட்டிகள்தான் இன்றைக்கு 'அரிய சேகரிப்பு, 30 வருசப் பழசு, திறக்கப்படாதது' என்ற தலைப்போட இணையத்துக்கு வருது. சொன்னதில் பொய் 'அரிய' என்ற ஒரு சொல் மட்டும்தான். அட்டையிலேயே 'சேகரிப்பாளர் பதிப்பு' என்று அச்சடித்திருந்தால் நாங்கள் அதை எச்சரிக்கையாகத்தான் எடுப்பம். விலையைச் சரிபார்க்க ஈபேயிலேயே வழி இருக்கு: விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லித் தேடலாம். ஒருவர் 500 டொலர் கேட்கலாம், கேட்க ஆருக்கும் உரிமை இருக்கு. கடைசியாக ஒருவர் எவ்வளவு கொடுத்தார் என்பதுதான் விலை.

2000இல் சி.ஜி.சி. என்ற நிறுவனம் தொடங்கியது. புத்தகத்தைப் பரிசோதித்து, 0.5 முதல் 10 வரை புள்ளி போட்டு, ஒளிபுகும் பிளாஸ்ரிக் உறைக்குள் மூடித்தருவார்கள். கண்ணால் காணாமல் வாங்குறவருக்கு இது பெரிய உதவி. ஆனால் உறையைக் கண்டதும் கண்ணை மூடக் கூடாது. நீல நிறச் சீட்டு சாதாரணம். ஊதா என்றால் நிறம் பூசியோ துண்டு ஒட்டியோ திருத்தப்பட்ட புத்தகம், புள்ளி கூடவென்றாலும் விலை குறைவு. 2023 கடைசியில் வெளிவந்த மோசடியில், உறை மாற்றும் சேவையைப் பயன்படுத்தி, உயர்ந்த புள்ளிச் சீட்டோடு மட்டமான பிரதிகளை உள்ளே வைத்திருந்தது தெரியவந்தது. சீட்டில் இருக்கிற இலக்கத்தை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்க இருக்கிற படத்தையும் விற்பனைக்கு வைத்த படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கோ. அட்டையில் இருக்கிற ஒரு சின்ன மடிப்பு கைரேகை மாதிரி, இரண்டு பிரதியில் ஒரே இடத்தில் வராது.

இதெல்லாம் அமெரிக்கக் கதை. தமிழ்ப் பக்கமும் இப்ப இதே பாதையில்தான் போகுது. 1972இல் சிவகாசியில் இருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. பத்து வருசத்துக்கு முதல் பிரிட்டனின் 'வேலியன்ற்' இதழில் தொடங்கிய 'ஸ்டீல் க்ளோ'தான் அந்த மாயாவி. 1984இல் லயனும் ராணியும் வந்தன. எங்கட அப்பா, சித்தப்பாமார் பள்ளிக்கூடத்துக் கொப்பிக்குள்ள ஒளித்து வாசித்தது இவற்றைத்தான். 1938க்கு நேர்ந்ததே இங்கேயும் நேர்ந்தது, இன்னும் மோசமாக. இடம்பெயரேக்க காணி உறுதியையும் நகையையும் படிப்புச் சான்றிதழையும் தூக்கின கை, மாயாவியைத் தூக்கேல்லை. அதில் ஆரையும் பிழை சொல்ல ஏலுமா? அந்த இழப்புக்குத்தான் இன்றைக்கு விலை குறிக்கிறார்கள். அப்பா வாசித்த அதே புத்தகத்தைக் கையில் எடுக்கவேணும் என்று தேடுகிற பிள்ளை பேரம் பேசாது என்பது விற்பவருக்கு நல்லாத் தெரியும்.

இங்க புள்ளி போடும் நிறுவனம் இல்லை, விலைக் கையேடும் இல்லை. மாயாவி கதைகள் பிறகு காமிக்ஸ் கிளாசிக்ஸ் வரிசையில் மறுபதிப்பாகவும் வந்திருக்கு. கதை ஒன்று, வருசம் வேற. இதழ் எண், மாதம், அச்சிட்ட விலை மூன்றும் தெரியுற படம் இல்லாமல் காசு அனுப்பாதேங்கோ. பல இதழ்களைச் சேர்த்துத் தைத்துக் கட்டின தொகுப்பு என்றால் ஓரம் வெட்டியிருக்கும், அட்டைகள் போயிருக்கும். வாசிக்க அருமை, சேகரிப்பாக விலை குறைவு. அந்தக் கதையை வாசிக்கிறதுதான் ஆசை என்றால் மறுபதிப்பே போதும், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

டொலரில் வாங்கும்போது புத்தகத்தின் விலையோட தபால் செலவையும் சுங்கத்தையும் கூட்டித்தான் பார்க்க வேணும், சிலவேளை அவை புத்தகத்தையே முந்திவிடும். கடைசியாக, எப்படிப் பொதி செய்வார் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கோ: பிளாஸ்ரிக் உறை, முதுகுக்குத் தடித்த மட்டை, வெளியே இரண்டு பக்கமும் காட்போட். வெறும் கடித உறையில் போட்டு அனுப்பினால் 9.4 புறப்பட்டு 4 ஆக வந்து சேரும்.