குசினி அலுமாரி

“குசினி அலுமாரியைப் பூட்டிச் சாவியை லாச்சிக்குள் வை.” மன்னார்த் தீவிலுள்ள தாராபுரத்தில் ஒரு தாய் தன் மகளிடம் இவ்வாறு சொல்லக்கூடும். வெறும் வீட்டுப் பேச்சுத்தான். ஆயினும் இந்த ஒரு வாக்கியத்தினுள்ளே இரண்டு ஐரோப்பிய ஆட்சிகள் குடியிருக்கின்றன. குசினி, அலுமாரி, சாவி என்னும் மூன்று சொற்களும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. லாச்சி ஒல்லாந்தர் தந்த சொல். போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. கோட்டை இன்று பாழடைந்து நிற்கின்றது. சொற்கள் அடுப்படியில் புழங்குகின்றன.

அலுமாரி வந்து சேருமுன் அடுப்படியில் பொருள் வைக்க இடமில்லாமற் போகவில்லை. கூரையிலிருந்து தொங்கிய உறி, அடுப்புக்கு மேலே கட்டிய பரண், பனையோலையால் இழைத்த பெட்டி, கடகம் என்பன அக்காலத்துத் தட்டுமுட்டுகள். இவற்றுள் உறியும் பரணும் தரையைத் தொடுவனவல்ல. உறி சுவரையும் தொடுவதில்லை. அடுப்புப் புகை மேலெழுந்து பரணையும் கூரையையும் சூழ்ந்து பூச்சிகளை அண்டவிடாமற் காத்தது. பெட்டி இற்றுப்போனால் ஓலை வெட்டி இன்னொன்று இழைத்துக்கொள்ளலாம். மன்னாரில் பனைக்குப் பஞ்சமேது? இதனை நாகரிகக் குறைவென்று எண்ணிப் பின்வந்தோர் கைவிட்டனர். ஆனால் அந்த உறி எந்தப் பகைக்கு அஞ்சி அந்தரத்தில் தொங்கிற்று என்பதைச் சற்று நினைத்துப் பார்த்தல் நன்று.

எறும்பும் எலியும் அப்பகையுள் அடங்கும். அவற்றினும் கொடிய பகை ஈரம். மன்னார் மழை மிகுந்த நிலமன்று. இலங்கையின் வறண்ட பகுதிகளுள் அதுவும் ஒன்று. மழையின் பெரும்பகுதி வருடக் கடைசி மாதங்களிலேயே பெய்து தீர்கின்றது. எனினும் நாற்புறமும் கடல். காற்றோடு வரும் நுண்ணிய உப்பு, சுவரிலும் பலகையிலும் ஆணியிலும் கண்ணுக்குத் தெரியாமற் படிகின்றது. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 என்னும் அளவைத் தாண்டியதும் உப்பு அவ்வீரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும் என்பது இயற்பியல். ஆகவே மழைத்துளி ஒன்றும் விழாத இரவிலும் பலகை நனைகின்றது, பகலில் உலர்கின்றது, மறுநாளும் அவ்வாறே. இரும்பாணி துருவேறிப் பருத்து மரத்தைப் பிளக்கின்றது. கடல்மணலைக் கழுவாமற் கலந்து பூசிய சுவராயிருந்தால், உப்பு சுவருக்கு உள்ளிருந்தே பூத்து வெளிவரும்.

இத்தகைய நிலத்திலும் பழைய கால் அலுமாரி பல தலைமுறை நின்று உழைத்தது. அதன் நான்கு கால்களையும் நீர் ஊற்றிய தகரக் கிண்ணங்களில் நிறுத்துவர். எறும்பு ஏறாதிருக்க அவ்வேற்பாடு. கதவுக்குக் கம்பிவலை, உணவின்மேற் காற்றுப் படவேண்டும், ஈ படக்கூடாது. உயர்ந்த கால், வலைக்கதவு, சுவரை ஒட்டாத முதுகு ஆகிய மூன்றும் உணவைக் காப்பதற்காகச் செய்யப்பட்டவை. அவையே மரத்தையும் காத்தன. கிண்ணத்து நீர் மரக்காலை அழுகச் செய்வதும் உண்டு. ஆனால் காலின் அடியை அறுத்துப் புதுத்துண்டு பொருத்த ஒரு தச்சருக்கு அரைநாள் போதும். மரமும் நல்ல மரம்: வன்னிக் காட்டின் முதிரையும் பாலையும், வீட்டு முற்றத்து வேம்பும். வேம்பின் கசப்பைக் கறையான் எளிதில் விரும்புவதில்லை. பனையோ வெளிவட்டத்தில் வைரமும் நடுவில் சோறுமாக உள்ள மரமாதலின் வளைக்கும் சலாகைக்கும் உதவிற்றேயன்றி அகலப் பலகைக்கு உதவவில்லை.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேறுமாறு கட்டளையிட்டனர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் ஊரை விட்டனர். மன்னார்த் தீவின் மக்கள் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். தாராபுரத்தாரும் அவ்வாறு பெயர்ந்தவர்களே. கையிற் கொண்டுசெல்ல அனுமதிக்கப்பட்டவை சில பைகளும் சிறிது பணமுமே. அலுமாரி வள்ளத்தில் ஏறவில்லை. புத்தளம் மாவட்டத்தில் கிடுகுக் குடிசைகளிலும் பின்னர் வாடகை வீடுகளிலும் ஆண்டுகள் இருபதுக்கு மேற் கழிந்தன. ஊரில் கொல்லையுடன் கூடிய சொந்த வீட்டில் வாழ்ந்தவர்கள், பிறர் சுவரில் ஓர் ஆணி அறைவதற்கும் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவேண்டியவர்கள் ஆயினர்.

2009இல் போர் முடிந்தபின் திரும்பி வந்தோர் பலர், வராதவர்களும் பலர். விட்டுப்போன வீடுகள் பல காடு மண்டிக் கிடந்தன; பலவற்றில் கதவுமில்லை, நிலையுமில்லை. 2010இல் புதிய பாலமும் 2015இல் தலைமன்னார்வரை புகைவண்டியும் மீண்டன. புதிய வீடுகள் எழுந்தன. வாடகைக் குடியும் அவற்றோடு வந்தது. குசினியில் இப்பொழுது சுவரோடு சுவராய் அறையப்பட்ட அலுமாரியே நாகரிகம். அதனைப் பெரும்பாலும் மரத்துகளை ஒட்டி அழுத்திய பலகையாற் செய்கின்றனர். மலிவு அதிகம், ஆயுள் குறைவு. அதிற் பொதுவாகக் கலக்கும் யூரியாப் பிசின் ஈரத்தில் மெல்லச் சிதையும் இயல்புடையது. வெட்டுவிளிம்பில் நீர் புகுந்தால் பலகை பொருமும். பொருமியது மீண்டும் ஒடுங்காது. பீனாற் பிசினால் ஒட்டிய கடற்றரப் பலகை இதற்கு எவ்வளவோ மேல், விளிம்புகளை அடைத்துப் பூசினால். அலுமினியச் சட்டம் துருவேறாது. மேற்பூச்சின்றி விட்டால் உப்பு அதனையும் புள்ளிபுள்ளியாய் அரிக்கும். கீலும் திருகாணியும் மறக்கத்தக்கவையல்ல: கறைபடியா உருக்கிலும் 304 என்னும் வகை கடலோரத்தில் பழுப்பேறும்; மொலிப்டினம் நூற்றுக்கு 2 முதல் 3 வரை கலந்த 316 தாக்குப்பிடிக்கும்.

வாடகைக் குடிக்கு இதற்கப்பாலும் ஒரு சிக்கல் உண்டு. நிலத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டது நிலத்துக்குரியவரையே சேரும் என்பது இலங்கையில் வழங்கும் உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் பழைய கொள்கை. பொருளின் தன்மை யாது, எவ்வளவு இறுகப் பொருத்தப்பட்டது, பொருத்தியவரின் எண்ணம் யாது என்பவற்றை நீதிமன்றம் ஆராயும். லாச்சியைத் தந்த ஒல்லாந்தரே இச்சட்டத்தையும் தந்து போயினர். குடியிருப்பவர் தம் பணத்தில் நல்ல அலுமாரி ஒன்றைச் சுவரில் அறைந்தால், உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளாதவரை, பெயரும் நாளில் அது வழக்குக்கு இடமாகலாம். வீட்டுக்காரரோ அதில் தாம் சமைக்கப் போவதில்லையாதலால் மலிந்த பலகையோடு நின்றுவிடுவார். அவர்மேற் குறை சொல்வதும் எளிதன்று.

இரு தரப்பாருக்கும் உதவக்கூடியது அந்தப் பழைய கால் அலுமாரியே. தரையிலிருந்து ஒரு சாண் உயரம். சுவருக்கும் முதுகுக்கும் இடையே இரண்டு விரற்கடை. கதவில் வலை அல்லது காற்றுத் துவாரம். காலடியில் இப்பொழுது தகரக் கிண்ணத்துக்குப் பதிலாக ரப்பர்க் குமிழ். ஆணியடித்து இறுக்காமல், துளையும் நாக்கும் பொருத்தி மர ஆப்பு முடுக்கிச் செய்யச் சொன்னால், பெயரும் நாளில் ஆப்பைத் தட்டிக் கழற்றலாம். அலுமாரி சில சட்டங்களும் பலகைகளுமாகப் பிரிந்து, ஒரு சிறு லொறியில் அரிசி மூடைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.