மலை தாண்டி வந்த பெட்டிகள்



"பள்ளத்தாக்கின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை கொடுங்கள்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். 1895-இல் திறந்த பெரியாறு அணையைப் பற்றியும் பென்னிகுயிக்கைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம்மில் உண்டு. நான் எடுத்துக்கொண்டது அதைவிடச் சின்ன விஷயம். ரேடியோ, டேப் ரெக்கார்டர், டி.வி., மிக்ஸி, செல்போன் என்று நாம் கடையில் காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டு வந்து, பெட்டியைக்கூடத் தூக்கிப் போடாமல் பரணில் வைத்திருந்தோமே, அந்தச் சாமான்களின் கதை.

இது என்ன வரலாறா என்று நம்ம சரித்திரப் பேராசிரியர் கேட்கக்கூடும். வரலாறுதான் ஐயா. நம் பள்ளத்தாக்குக்கு மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாட்டு மலை, வடக்கே பழனி மலை. மூணு பக்கமும் சுவர் கட்டின மாதிரி. இப்படிப்பட்ட ஊரில் ஒரு கருவி வேடிக்கை காட்டினால் மட்டும் நிலைக்காது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற எதையாவது இந்தப் பக்கம் கொண்டு வந்து சேர்த்தால்தான் நிலைக்கும். அப்படிச் சேர்ந்தவை மூன்று: பாட்டு, செய்தி, விலை.

லோயர் கேம்ப்பில் பெரியாறு மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1958-இல். அதற்கு முன்னும் பின்னும் கிராமங்களில் ரேடியோ என்றால் பஞ்சாயத்து ரேடியோதான். சின்னதாக ஒரு அறை, உள்ளே பெட்டி, வெளியே கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாய். சாயங்காலம் திருச்சி நிலையத்தின் விவசாய நிகழ்ச்சி, செய்தி, பாட்டு. திருச்சி வானொலி 1939-இலேயே தொடங்கிவிட்டது. மதுரைக்கு நிலையம் வந்தது 1987-இல்தான். அதனால் நம் தலைமுறைக்கு வானொலி என்றாலே திருச்சி, அதை விட்டால் கொழும்பு.

வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் மர்பி, பிலிப்ஸ், புஷ் என்று வால்வு ரேடியோ வைத்திருந்தார்கள். போட்டதும் பாடாது. வால்வு சூடேற வேண்டும். அதற்குள் வீட்டுக்காரர் ஒரு வாய் காபி குடித்து முடிப்பார். போதாக்குறைக்கு லைசென்ஸ் வேறு! தபால் ஆபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். 1980-களின் நடுவில்தான் அந்த லைசென்ஸ் முறை ஒழிந்தது. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் "தாத்தா, கதை விடாதீங்க" என்கிறார்கள்.

கொழும்பு ஏன் நமக்கு அவ்வளவு நெருக்கம்? இதில் அரசியலும் உண்டு, பௌதிகமும் உண்டு. 1952-இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஒலிப்பதை வெகுவாகக் குறைத்துவிட்டார். ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கைக்குப் போய்விட்டார்கள். 1957-இல் விவிதபாரதி தொடங்கியும் போனவர்கள் முழுசாகத் திரும்பவில்லை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்ற பெயர்கள் சொந்த மாமன் மச்சான் பெயர் போல நம் வாயில் புழங்கியது அப்படித்தான். பௌதிகம் என்னவென்றால், சிற்றலை நேராகப் போய் மலையில் முட்டிக்கொள்ளாது. மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும். எனவே எவ்வளவு உயரமான மலை ஆனாலும் அதற்கு ஒன்றுதான். இந்த விவரத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், டி.வி. வரும்போது தேவைப்படும்.

டிரான்சிஸ்டர் வந்த பிறகு ரேடியோ கூடத்தை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947-இல் கண்டுபிடித்த சாமான், 1954-இல் அங்கே முதல் பாக்கெட் ரேடியோவாக விற்பனைக்கு வந்தது. மறு வருஷமே ஜப்பானில் சோனியும் ஒன்று கொண்டு வந்தது. நம் பக்கம் அது வந்து சேர்ந்தபோது கவலை ஏறுகிற காடு, திராட்சைப் பந்தல், டீக்கடை பெஞ்ச், மாட்டு வண்டி எல்லாம் பாட ஆரம்பித்தன. தோல் உறை போட்டு, வார் மாட்டித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகள் உண்டு!

இங்கே ஒரு ரேடியோவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பண்ணைப்புரத்தில் சின்னத்தாயம்மாள் வீட்டில் இருந்த ரேடியோ அது. மூத்தவர் பாவலர் வரதராஜன் ஊர் ஊராகப் பாட்டுக் கச்சேரி நடத்தியவர். தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங் அவரோடு மேடை ஏறியவர்கள். 1960-களின் இறுதியில் பிள்ளைகள் மெட்ராஸுக்குப் போய் இசையில் முன்னேற வேண்டும் என்று கிளம்பியபோது, கையில் காசு இல்லை. அந்த அம்மா வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, பணத்தை அப்படியே பிள்ளைகள் கையில் கொடுத்தார். இதை அந்தச் சகோதரர்களே மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. ராசையா இளையராஜா ஆனார். அதன் பிறகு ரேடியோவைத் திருப்பினாலே பண்ணைப்புரத்துக்காரர் பாட்டுதான்.

நான் இதை யோசிக்கும்போது இளையராஜாவைவிட அந்த அம்மாவைத்தான் நினைக்கிறேன். அன்றைக்கு ஒரு கூலிக் குடும்பத்துக்கு 400 ரூபாய் என்பது மாசக்கணக்கான சம்பாத்தியம். அவசரத்துக்கு விற்றால் காசாகும் என்று வீட்டில் இருந்த பொருள்கள் நகை, ஆடு மாடு, அடுத்து ரேடியோ. பாட்டுக் குடும்பத்தில் பாட்டு கேட்கிற பெட்டியே போனால், மறுநாள் சாயங்காலம் அந்த வீடு எப்படி இருந்திருக்கும்?

அப்புறம் கேசட். பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் வெளியிட்ட சின்ன நாடாப் பெட்டி, நம் ஊருக்கு வந்தது வளைகுடா நாடுகள் வழியாக. உத்தமபாளையம், கம்பம் பக்கத்திலிருந்து சவூதிக்கும் துபாய்க்கும் போனவர்கள் லீவில் வரும்போது தோளில் நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன். தெருவே கூடிவிடும். கொஞ்ச நாளில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் கடை. வெறும் கேசட் வாங்கி, பாட்டுப் பட்டியலை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தால், ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு, பதிமூணு பாட்டு பிடிக்கும். எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு என்று விடுதி அறையில் நடந்த சண்டைகளைப் பரீட்சைக்குக் காட்டியிருந்தால் நம்மில் பாதிப் பேர் ரேங்க் வாங்கியிருப்போம். (சட்டப்படி அது குற்றம் என்பதெல்லாம் பிற்பாடுதான் தெரிந்தது.) நாடா சிக்கினால் பென்சில். பென்சிலுக்கும் கேசட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்குக் கேட்டால் பிள்ளைகள் முழிக்கிறார்கள்.

டி.வி. சமாச்சாரம் வேறு. மெட்ராஸில் தூர்தர்ஷன் 1975-இல் தொடங்கியது. நமக்கு அது எட்டாக்கனி. ஏனென்றால் டி.வி. அலை சிற்றலை போல மேலே போய்த் திரும்பி வராது. நேர்கோட்டில் போகும், மலை குறுக்கே நின்றால் நின்றுவிடும். 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் தென் மாவட்டங்களில் பலர் உயரமான கம்பம் நட்டு, ஆன்டெனாவும் பூஸ்டரும் மாட்டி அதைப் பிடித்தார்கள். "தெரியுதா?" "இன்னும் கொஞ்சம் திருப்பு!" "போச்சு போச்சு, பழையபடி வை!" இந்த மூன்று வசனமும் கேட்காத மொட்டை மாடி கிடையாது. 1980-களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகு நிலைமை தலைகீழ். இத்தனை காலம் அலையை மறித்து நின்ற மலையே இப்போது கோபுரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. ராமாயணம் தொடர் ஓடிய ஞாயிற்றுக்கிழமைகளில், பாஷை புரியாமலே நம் தாய்மார்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

2006-இல் மாநில அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 2011-இல் அடுத்த அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தது. அரசியலை விடுங்கள். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் முதல் இடம் டி.வி.க்கும் இல்லை, மடிக்கணினிக்கும் இல்லை, கிரைண்டருக்குத்தான். 1950-களில் கோயம்புத்தூரில் உருவான அந்த யந்திரம் ஆட்டுக்கல்லின் முன்னால் போன மணிக்கணக்கை மிச்சப்படுத்தியது. மலைக்கு ஏலக்காய் எடுக்க விடிகாலை ஜீப் ஏறும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த மணி நேரத்தின் அருமை தெரியும். ஆண்கள் எழுதும் கட்டுரைகளில் கிரைண்டர் வருவதில்லை. நம் மலர்களிலும் இதுவரை வந்ததாக ஞாபகம் இல்லை.

செல்போன் இந்தியாவுக்கு 1995-இல் வந்தது. பேசினாலும் காசு, யாராவது கூப்பிட்டு எடுத்தாலும் காசு என்று இருந்தவரை அது நமக்கு வேடிக்கைப் பொருள்தான். 2003-இல் வருகிற அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும் கதை மாறியது. அதே வருஷம் நோக்கியா 1100 வந்தது. அதன் தலையில் ஒரு சின்ன டார்ச் விளக்கு. உலகம் முழுக்க 25 கோடிக்கும் மேல் விற்ற போன் அது. நம் பக்கத்து விவசாயிக்கு அந்த டார்ச் சாதாரண விஷயம் இல்லை. மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வந்ததோ அந்த நேரத்தில்தான் அப்போது மோட்டார் போட முடிந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு வரப்பில் பாம்புக்குப் பயந்து நடந்தவர்களுக்கு, சட்டைப் பையிலேயே வெளிச்சம்! சில வருஷத்தில் அந்த நடையும் குறைந்தது. சிம் கார்டு போட்ட மோட்டார் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. வீட்டுத் திண்ணையிலிருந்து போன் அடித்தால் தோட்டத்தில் மோட்டார் ஓடும். கரண்ட் போனால், கிணற்றில் தண்ணீர் வற்றினால் அதுவே நின்று தகவலும் சொல்லும்.

மூன்றாவதாகச் சொன்ன விலைக்கு வருகிறேன். ஏலக்காய் விளைவது மலையில். வாங்குகிற வியாபாரி போடியில். வண்டன்மேட்டுச் சிறு விவசாயிக்குப் போடி விலை நேரத்துக்குத் தெரிந்ததில்லை. தெரிவதற்குள் சரக்கு கைமாறியிருக்கும். ஏலக்கூடத்திலும் பழைய முறை குரல் கொடுத்துக் கேட்பது. எதிரில் நிற்பவர் யார், அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த ரூபாய் ஏறும். 2007-இல் நறுமணப் பொருள் வாரியம் போடியில் மின்னணு ஏலத்தைக் கொண்டு வந்தது. தட்டில் வரும் மாதிரிக் காயை விரலால் உருட்டி, பச்சை நிறத்தையும் பருமனையும் பார்ப்பது மட்டும் மாறவில்லை. வாய் மூடிக்கொண்டது, விரல் பேசியது. 2021 ஜனவரியில் போடியையும் கேரளத்துப் புற்றடியையும் ஒரே நேரத்தில் இணைத்து ஏலம் விடும் ஏற்பாடும் வந்தது.

அன்றன்றைக்கு என்ன விலை போனது என்பது அன்றைக்கே விவசாயியின் போனுக்கு வந்துவிடுகிறது. இது பெரிய நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் விலையைத் தெரிந்துகொள்வது வேறு, விலை கிடைப்பது வேறு. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. காய் இல்லாத வருஷம் அது. விலை இருந்தது, விற்க மூட்டை இல்லை. 2021-இல் காய் இருந்தது, விலை ஆயிரத்தை ஒட்டி இறங்கிவிட்டது. இரண்டையும் அதே போனில், அதே நேரத்தில், தெளிவாகப் பார்த்தார்கள். முன்பெல்லாம் போடி வியாபாரியைத் திட்டுவார்கள். இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியாமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் எஸ்.டி.டி. பூத், பேஜர், வாக்மேன் என்று எழுதிக்கொண்டே போகலாம், பக்கம் போதாது. ஒரு வேண்டுகோள். இந்தக் கூடுகையில் மதியச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஒரு நீள மேசை போடச் சொல்லியிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் வால்வு ரேடியோ, டூ-இன்-ஒன், பாட்டுப் பட்டியல் எழுதின கேசட் உறை, லைசென்ஸ் புத்தகம் ஏதாவது கிடந்தால் எடுத்து வாருங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. பெயரையும் எந்த வருஷம் வாங்கியது என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். பழைய ரேடியோவைத் தட்டியே பாட வைக்கும் கை வைத்தியம் தெரிந்த நண்பர்கள் இரண்டு பேர் திருப்புளியோடு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.