நீரிழிவு: அறிகுறிக்கு முன்பே தேவைப்படும் பரிசோதனைகள்

நீரிழிவு நோய் கண்களையும் சிறுநீரகங்களையும் பாதிக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை. பார்வை மங்கிய பின்னர் மருத்துவரை நாடினால், இழந்த பார்வை முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

இதனாலேயே இங்கிலாந்தில் நீரிழிவு நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் வழக்கமான பரிசோதனைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி, இரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் எடை, பாதங்களின் உணர்ச்சி ஆகியவை இவற்றில் அடங்கும். சிறுநீரகத்துக்காக இரத்தம், சிறுநீர் இரண்டுமே சோதிக்கப்படுகின்றன. இரத்தச் சோதனையில் குறை தெரியும் முன்பே சிறுநீரில் புரதக் கசிவு தென்படக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

12 வயது நிரம்பியவர்களுக்கு விழித்திரை இலவசமாகப் படமெடுக்கப்படுகிறது. தொடர்ந்து இருமுறை பாதிப்பு காணப்படாதவர்களுக்கு இச்சோதனையை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் நடைமுறை 2023ஆம் ஆண்டில் தொடங்கியது. மூக்குக் கண்ணாடிக்காகச் செய்யப்படும் பார்வைச் சோதனை இதற்கு ஈடாகாது.

தமிழர் உள்ளிட்ட தெற்காசிய வம்சாவளியினரை இரண்டாம் வகை நீரிழிவு இளவயதிலேயே தாக்கும் அபாயம் அதிகம். ஆகவே அழைப்புக் கடிதம் வரத் தாமதமானால், குடும்ப மருத்துவரின் மருத்துவமனையைத் தொடர்புகொண்டு தாமாகவே கேட்டுப் பெறுவது அவசியம்.