தறியும் தூளியும்: ஈன்றவளைச் சூழ்ந்த அறிவுரைகளின் வரலாறு

ஆரணி என்றவுடன் வரலாறு கற்றோர் நினைவில் இரண்டு போர்கள் வந்து நிற்கும். 1751ஆம் ஆண்டின் இறுதியில், ஆற்காட்டு முற்றுகையைக் கடந்து வந்த கிளைவ், சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபின் படையை இங்கே வென்றார். 1782 ஜூன் மாதத்தில் ஐதர் அலியின் படையும் ஐர் கூட்டின் படையும் இவ்வூரருகே மோதின. இவற்றின் நாளும் விளைவும் ஏடுகளில் உள்ளன. ஆயின் அதே நாட்களில் கமண்டல நாகநதிக் கரை வீடுகளில் எத்தனை பெண்கள் பிள்ளை பெற்றனர், எத்தனை பேர் பிழைத்தனர், பிழைத்தவர்கள் பச்சிளங் குழந்தையை மடியிலிட்டு எவரெவர் சொல்லையெல்லாம் கேட்டு மருண்டனர் என்பதை எந்த ஏடும் குறிக்கவில்லை. வரலாறு வாசலில் நின்று எழுதப்பட்டது. பேறுகால அறைக்குள் அது நுழைந்ததில்லை. அந்த அறைக்குள் சற்றே எட்டிப் பார்க்க நாம் இக்கட்டுரையில் முயல்கிறோம்.

இன்று ஆரணியின் பெயர் பட்டால் பரவியிருக்கிறது. பட்டு நெசவு ஆலைத் தொழிலாக அன்றி வீட்டுத் தொழிலாக வளர்ந்தது. கூடத்தில் தறிக்குழி, அதனருகே பாவும் தாரும், உத்தரத்தில் தொங்கும் தூளி. ஒருவர் நெய்ய, மற்றவர் தார் சுற்ற, வீடு முழுவதும் ஒரு சேலைக்காக உழைக்கும். அவ்வீட்டில் ஒரு பெண் தாயானால் அவளுக்குத் தனியறை என்பது அரிது. தறிச் சத்தத்தின் நடுவேதான் அவள் பிள்ளையைத் தூங்க வைக்க வேண்டும். பாவுக்காரரும், ஜரிகை கொண்டு வருவோரும், பக்கத்து வீட்டாரும் வந்து போகும் கூடம் அது. வருவோர் ஒவ்வொருவரும் தூளியை ஒருமுறை ஆட்டிவிட்டு ஒரு சொல்லும் சொல்லிப் போவர்.

"பிள்ளை ஏன் அழுகிறது? பால் போதவில்லை" என்பார் ஒருவர். "பால் மிகுதியானதால்தான் வயிற்று வலி" என்பார் அடுத்தவர். தண்ணீரைக் குறைத்துக் குடி என்பாள் மாமியார். பால் சுறாவும் பூண்டும் நிறையத் தின் என்பாள் பெரியம்மா. வசம்பைச் சுட்டுக் கொடு, உரை மருந்தை இழைத்துக் கொடு, மூக்கை நீவி விடு, கண்ணுக்கு மை எழுது, அழுதால் உடனே தூக்காதே, அழவே விடாதே! எல்லாரும் அன்பினால்தான் சொல்கின்றனர். ஆனால் மூன்று இரவுகளாக உறங்காத ஒருத்திக்கு இருபது பேருடைய அன்பு இருபது குற்றச்சாட்டுகளாகவே கேட்கிறது.

ஏட்டில் எழுதியோரும் பாட்டிமாரும்

இவற்றையெல்லாம் படிப்பறியாப் பாட்டிமாரின் பேச்சென்று ஒதுக்குவோர் உளர். அது நியாயமன்று. பேறுற்றவளை நாற்பது நாள் வேலையிலிருந்து விலக்கி, சூடான உணவு கொடுத்து, எண்ணெய் தேய்த்து நீராட்டி அமர்த்தியவர் அந்தப் பாட்டிமாரே. வட ஆற்காட்டு முஸ்லிம் இல்லங்களில் உருது பேசுவோர் 'சில்லா' என்றும், தமிழ் பேசுவோர் 'நாற்பது' என்றும் வழங்கும் அந்த ஓய்வு, எளிய பெண்ணுக்குக் கிடைத்த ஒரே விடுமுறை. பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்வதும், ஏழாம் நாள் முடியிறக்கி அகீகா கொடுப்பதும் அந்த நாட்களுக்கு ஒழுங்கும் மகிழ்வும் தந்தன.

இன்னொன்றும் உண்டு. பாட்டிமார் செய்த பிழைகளைப் பேரறிஞர்களும் செய்தனர். பிள்ளை பிறந்தவுடன் சுரக்கும் சீம்பாலைக் கறந்து கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனை வைக்கும் வழக்கம் தமிழகத்தில் நெடுநாள் இருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் மருத்துவம் செய்த எபேசஸ் நகரத்துச் சொரானஸ், தாயின் பாலை இருபது நாள் வரை தவிர்க்கலாம் என்று எழுதினார். பதினான்காம் நூற்றாண்டின் இமாம் இப்னுல் கையிம், பச்சிளங் குழந்தையைப் பற்றிய 'துஹ்பத்துல் மவ்தூத்' என்னும் நூலில், முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வேறொருத்தி பாலூட்டுவது நலம் என்றார். அப்போது தாயின் பால் கட்டியாயிருக்கும் என்பது அவர் கூறிய காரணம். இன்றைய மருத்துவம் இதனை முற்றிலும் மறுக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும் என்றும், அந்தச் சீம்பாலே நோய்த் தடுப்பின் முதற் கவசம் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

அதே இப்னுல் கையிம், பிள்ளை அழுவது கண்டு பெற்றோர் துன்புற வேண்டாம், அழுகை அதன் உறுப்புகளுக்குப் பயிற்சி என்று தேற்றினார். 1037இல் மறைந்த இப்னு சீனாவோ, குழந்தையின் உடல் உரம்பெற மெல்லிய அசைவும் தாலாட்டின் இசையும் வேண்டும் என்றார். ஆரணியின் தூளி அறியாமலே செய்து வருவது அதைத்தான்! ஆக, எழுதப்பட்டதெல்லாம் மெய்யுமன்று. வாய்வழி வந்ததெல்லாம் பொய்யுமன்று.

தமிழ் இலக்கியமும் பிள்ளையைப் பாடிய அளவுக்குத் தாயைப் பாடவில்லை. பிள்ளைத்தமிழ் இலக்கணம் மூன்றாம் திங்களில் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் வரை பருவங்களை வகுக்கிறது. தாய்க்கு மிகக் கடினமான முதல் இரண்டு திங்கள் அதில் இடம்பெறவில்லை. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில், அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்குச் செவிலித்தாய் அலிமா பாலூட்டிய வரலாற்றுக்கென்றே ஒரு படலம் அமைத்தார். பாலூட்டுதல் காப்பியத்துக்கு உரிய பொருள் என்று மதித்த புலவரை நாம் நன்றியுடன் நினைக்கிறோம்.

கேட்கப்படாத குரல்

1847ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இரண்டு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவரும் மாணவரும் பணியாற்றினர். மற்றொன்றில் மருத்துவச்சியர் பணியாற்றினர். மருத்துவர் பிரிவில்தான் தாய்மார் மிகுதியாக இறந்தனர். இதனை நகரத்து ஏழைப் பெண்கள் அறிந்திருந்தனர். தம்மை மருத்துவச்சியர் பிரிவில் சேர்க்குமாறு மன்றாடினர். அவர்கள் அச்சத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. பிணவறையில் அறுவை செய்த கைகளோடு மருத்துவர்கள் பேறு பார்ப்பதே காரணம் என்று செம்மல்வைஸ் கண்டு, மருந்து நீரில் கைகழுவச் செய்தபின் சாவு பெரிதும் குறைந்தது. தாய்மார் சொல்லுக்கு முன்னரே செவிசாய்த்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்!

நம் பகுதியிலேயே இதற்கு இணையான துயரம் நிகழ்ந்தது. ஆரணிக்குத் தென்கிழக்கேயுள்ள திண்டிவனத்தில், 1890களில் ஓர் இரவு. ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடரின் இல்லத்து வாயிலில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து நின்றனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவரும் உயர்குடி இந்து. மூவரின் இளம் மனைவியரும் பேறுகால வேதனையில் கிடந்தனர். மருத்துவர் வர ஆயத்தமாயிருந்தார். ஆனால் அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்க்க மூவரும் இசையவில்லை. மருத்துவம் கற்காத அவருடைய மகள் ஐடாவையே அழைத்தனர். அவரால் என் செய்ய இயலும்? பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர்.

அம்மூன்று இல்லங்களிலும் அன்றிரவு ஆலோசனை சொல்வோருக்கா பஞ்சம்? கூடம் நிறையச் சுற்றத்தார் இருந்திருப்பர். இல்லாதது தேர்ந்த ஒரு கை. முடிவு வாசலில் ஆடவரால் எடுக்கப்பட்டது. உள்ளே உயிருக்குப் போராடியவளின் விருப்பம் என்னவென்று வினவியதாகச் செய்தியில்லை. நம் சமுதாயத்துப் பெண்ணொருத்தியும் அம்மூவருள் அடங்குவதால், இவ்வரலாற்றை நாம் தலைகுனிந்தே படிக்க வேண்டியிருக்கிறது.

அந்த இரவு ஐடா ஸ்கடரை அமெரிக்காவுக்கு அனுப்பி மருத்துவராக்கியது. 1900இல் திரும்பிய அவர், 1902இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனையைத் திறந்தார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆரணியிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், பெண்ணின் நோயைப் பெண்ணே பார்க்கும் இடம் இவ்வாறு உருவாயிற்று. சென்னையிலோ, 1875இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் 1885லேயே கோஷாப் பெண்களுக்கென மருத்துவமனை அமைத்திருந்தார். பின்னர் கஸ்தூர்பா காந்தி பெயர் பெற்ற அதனைத் திருவல்லிக்கேணி மக்கள் நெடுங்காலம் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே அழைத்தனர். பர்தாவை மதித்தே உயிரையும் காக்க முடியும் என்பதை இவை மெய்ப்பித்தன.

புதிய பாட்டிமார்

இருபதாம் நூற்றாண்டில் அறிவுரை அச்சேறியது. நியூசிலாந்தில் 1907இல் சங்கம் தொடங்கிய ட்ரூபி கிங், கடிகாரம் பார்த்து நான்கு மணிக்கொருமுறை பால் கொடு, இரவில் கொடுக்காதே என்றார். அமெரிக்க உளவியலார் வாட்சன் 1928இல், பிள்ளையைக் கொஞ்சாதே, காலையில் கைகுலுக்கினால் போதும் என்று எழுதினார். 1946இல் வந்த டாக்டர் ஸ்பாக்கின் நூல், தாயே, உன் அறிவை நம்பு என்று தேறுதல் கூறியது. ஆனால் அந்நல்லவரும் 1950களின் பதிப்பில் பிள்ளையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார். அது திடீர் மரணத்துக்கு வழிவகுக்கும் என்று பின்னர் தெளிவாகி, 1990களில் மல்லாந்து படுக்க வைக்குமாறு மேலை நாடுகள் பெரும் பிரசாரம் செய்தன.

அடுத்து வணிகமும் பாட்டி வேடம் பூண்டது. கொழுகொழுவென்ற குழந்தையின் படம் போட்ட பால்மாவு டப்பா, உன் பால் போதாது என்று தாயிடம் சொல்லாமல் சொல்லியது. தூய நீரும் போதிய பணமும் இல்லாத வீடுகளில் அம்மாவு நீர்த்தும் கெட்டும் பிள்ளைகளைக் கொன்றது. 1939இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், இதனைக் கொலையென்றே கருத வேண்டும் என்று துணிந்து பேசினார். 1981இல்தான் உலக சுகாதார நிறுவனம் இவ்வணிகத்துக்கு நெறிமுறை வகுத்தது. 1992இல் இந்தியா சட்டம் இயற்றி, 2003இல் அதனை இறுக்கியது.

இத்தனை பிழைகளுக்கு நடுவிலும் உண்மையான முன்னேற்றம் நிகழ்ந்ததை மறைக்க இயலாது. 1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 129 குழந்தைகள் முதலாண்டு நிறையுமுன் மறைந்தன. 2020இல் அந்த எண் 28, தமிழ்நாட்டில் 13. தடுப்பூசியும், மருத்துவமனைப் பேறும், தெருத்தெருவாக நடந்த சுகாதாரச் செவிலியரின் கால்களும், 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டமும் இதில் பங்குடையன. செவிலியரும் அறிவுரைதான் சொன்னார். ஆனால் கையில் தராசும் மருந்தும் கொண்டு வந்து சொன்னார்.

எனினும் தறிவீட்டுத் தாய்க்கு ஒரு குறை நீடித்தது. 1961இல் வந்த மகப்பேறுச் சட்டமும், அதன் விடுமுறையை 26 வாரமாக்கிய 2017ஆம் ஆண்டின் திருத்தமும் நிறுவனங்களில் ஊதியம் பெறுவோரைக் கருதி எழுதப்பட்டவை. தன் கூடத்தில் தார் சுற்றுபவளை எந்த வருகைப் பதிவேடு அறியும்? முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் தமிழ்நாடு அரசு வழங்கிய மகப்பேறு உதவி 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது பேருதவியே. ஆனால் நெய்தால்தான் கூலி என்னும் வீட்டில், நாற்பது நாள் ஓய்வு என்பது பாட்டியின் அதிகாரத்தால்தான் காக்கப்பட வேண்டியிருக்கிறது. ஓய்வுக்குக் காவல் நிற்கும் பாட்டி வேண்டும். தண்ணீரைத் தடுக்கும் பாட்டி வேண்டா.

பிழைத்தால் மட்டும் போதுமா? ஈன்றபின் வரும் மனச்சோர்வைப் பற்றி 1858லேயே பாரிசில் மார்சே என்னும் மருத்துவர் நூல் எழுதினார். 1987இல் எடின்பரோவில் பத்தே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் வகுத்தனர். அப்பத்தும் தாயை நோக்கியவை: உன்னால் சிரிக்க முடிகிறதா, காரணமின்றி உன்னையே குறை சொல்லிக் கொள்கிறாயா என்ற வகையின. 'பிள்ளை எப்படி?' என்று கேட்கும் நூறு பேருக்கு நடுவே 'நீ எப்படி இருக்கிறாய்?' என்று கேட்க ஒருவர் இருந்தால், அதுவே பாதி மருந்து.

நம் திருமறையை இந்நோக்கில் ஓதும்போது உள்ளம் நெகிழ்கிறது. பேரீச்ச மரத்தடியில் தனியே வேதனையுற்ற மர்யம் (அலை) அவர்களுக்கு முதலில் கிடைத்தவை ஆறுதலும், காலடியில் ஊற்றும், கனிந்த பழமும். உண், பருகு, கண் குளிர்ந்திரு என்பதே சொல்லப்பட்டது. அதன்பின், மனிதர் எவரேனும் எதிர்ப்பட்டால் இன்று பேசுவதில்லை என நோன்பு நேர்ந்திருப்பதாக உணர்த்திவிடுமாறு பணிக்கப்பட்டார்கள். ஊரார் கேள்விகளோடு வரவிருந்த வேளையில் அத்தாய்க்கு அருளப்பட்டது மௌனம்! அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனமோ, பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் தந்தையின் கடமை என வகுத்து, பிள்ளையின் பொருட்டுத் தாய் துன்புறுத்தப்படலாகாது என்று தடுத்து, பால் மறக்கடிப்பதைப் பெற்றோர் இருவரும் மனமொத்துக் கலந்து முடிவு செய்யும் உரிமையாக விடுகிறது. அக்கலந்தாய்வில் தாய்க்கு இடமுண்டு, தெருவுக்கு இல்லை.

ஆதலின், தூளியருகே செல்வோருக்கு நாம் கூற விழைவது மிகச் சிறிது. காய்ச்சலோ, பால் குடியாமையோ, மூச்சுத் திணறலோ கண்டால் வாளாயிராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே மௌனம் பாவம். மற்ற வேளைகளில், சொல்ல நினைத்ததைச் சற்றே நிறுத்தி, அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வாருங்கள். பிள்ளையை ஒரு நாழிகை ஏந்திக் கொள்ளுங்கள். அவள் சுற்றாமல் விட்ட தாரைச் சுற்றி வையுங்கள். அவள் உறங்கட்டும்.