ஒலியை முந்திய பறவை – 9: இனி நிறுத்த முடியாது!

2000, ஜூலை 25. பாரிஸ், சார்ல் த கோல் விமான நிலையம்.

நியூயார்க் செல்லும் ஏர் பிரான்ஸ் கான்கார்ட், கிளம்புவதற்கே ஒரு மணி நேரம் தாமதம். என்ஜின் ஒன்றில் பழுதான பாகத்தை மாற்றினால்தான் ஆயிற்று என்று சொல்லிவிட்டார் கேப்டன் கிறிஸ்டியான் மார்டி. 1982-ல் பாய் கட்டிய சறுக்குப் பலகையில் அட்லாண்டிக்கைக் கடந்த சாகசக்காரர் அவர். விமானத்தில் மட்டும் எந்தச் சாகசத்துக்கும் இடம் கொடுக்காதவர்.

பயணிகள் 100 பேர். பெரும்பாலும் ஜெர்மானியர்கள். நியூயார்க்கிலிருந்து சொகுசுக் கப்பலில் உல்லாசப் பயணம் போக வேண்டியவர்கள்.

மாலை 4.42. எதிரே 4,215 மீட்டர் ஓடுபாதை. கான்கார்டுக்கு இவ்வளவு நீளம் எதற்கு? எல்லாம் அதன் முக்கோண இறக்கையால் வந்தது. மற்ற ஜெட் விமானங்கள் இறக்கையின் பின்விளிம்பில் ஃப்ளாப்பை நீட்டி, குறைந்த வேகத்திலேயே எழும்பிவிடும். ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்துக்காக வடித்த கான்கார்ட் இறக்கையில் ஃப்ளாப்பே கிடையாது. மணிக்குச் சுமார் 400 கி.மீ. வேகம் பிடித்தால்தான் அது தரையை விட்டு எழும். அதனால்தான் நான்கு என்ஜின்களிலும் கூடுதல் உந்துவிசை தரும் ஆஃப்டர்பர்னர். தரையை விட்டு எழும்வரை 185 டன் எடையும் டயர்களின் தலையில்.

ஒவ்வொரு டேக்-ஆஃபுக்கும் முன்பே இரண்டு வேகங்களைக் கணக்கிட்டு வைத்துக்கொள்வார்கள். முதலாவது வி-1. அதுவரை பிரேக் போடலாம். தாண்டிவிட்டால் மிச்சமுள்ள பாதைக்குள் விமானம் நிற்காது, எது நடந்தாலும் பறந்தே தீர வேண்டும். அடுத்தது வி-ஆர், மூக்கைத் தூக்கும் வேகம். அன்றைய கணக்கு: வி-1 மணிக்கு 278 கி.மீ., வி-ஆர் 367 கி.மீ.

ஆஃப்டர்பர்னர்கள் உறுமின. கான்கார்ட் பாய்ந்தது.

"வி-1" என்றார் துணை விமானி.

சில விநாடிகள்தான். வேகமுள் 320-ஐத் தாண்டியபோது இடப்பக்க டயர் ஒன்று எதன்மீதோ ஏறியது. வெடித்தது. நிற்கவும் முடியாது, எழும்பவும் வேகம் போதாது!

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் ரேடியோவில் அவசரமாக எச்சரித்தார்: விமானத்தின் பின்னால் தீ! அதற்குள் மார்டி மூக்கைத் தூக்கத் தொடங்கியிருந்தார்.

பிற்பாடு ஓடுபாதையில் 43 செ.மீ. நீள உலோகப் பட்டை ஒன்று கிடைத்தது. கான்கார்டில் அப்படியொரு பாகமே கிடையாது. ஐந்து நிமிடம் முன்பு அதே பாதையிலிருந்து வேறொரு விமானம் கிளம்பிப் போயிருந்தது.

அது எந்த விமானம்? வெறும் டயர் வெடித்ததற்கு இவ்வளவு பெரிய தீ எப்படி?

(தொடரும்)